வராதவர்களுக்காக எழுதுவது: சிகாகோ டாக்குமென்டர்ஸ் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஊரில் ஒரு கூட்டம் நடந்தால் அதைப் பற்றி இணையத்தில் நமக்குக் கிடைப்பது என்ன? மேடையில் வரிசையாக நிற்கும் ஏழெட்டுப் பேர், ஒரு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு, கீழே "விழா இனிதே நடைபெற்றது" என்று ஒரு வரி. நூலக வாசகர் வட்டமாக இருந்தாலும் சரி, குடியிருப்போர் நலச் சங்கமாக இருந்தாலும் சரி, ஏரியைத் தூர்வாரப் பணம் திரட்டும் கூட்டமாக இருந்தாலும் சரி, இதே படம்தான். என்ன பேசினார்கள், யார் மறுத்தார்கள், பணம் எவ்வளவு சேர்ந்தது, அடுத்த கூட்டம் எப்போது, இதில் ஒன்றும் தெரியாது. வந்தவர்களுக்கு அந்தப் படம் ஒரு ஞாபகம். வராதவர்களுக்கு அதில் ஒன்றுமே இல்லை, அடுத்த முறையாவது போய்ப் பார்ப்போம் என்ற எண்ணம்கூட வராது.

நடக்கும்போதே எழுதிப் பகிர்வது, அதாவது லைவ் பிளாக், இதைச் சரிசெய்யும் என்று பதினைந்து வருடத்துக்கும் மேலாகச் சொல்லிவருகிறார்கள். முயன்றும் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் என்ன ஆகும் என்றால், ஆர்வமுள்ள ஒருவர் முதல் கூட்டத்துக்கு மொபைலோடு உட்கார்ந்து முப்பது நாற்பது பதிவு போடுவார், இரண்டாவது கூட்டத்தில் பத்து, மூன்றாவதற்குள் அவருக்கு வேறு வேலை வந்துவிடும், அத்தோடு சரி. அதனால் பல வருடம் தாக்குப்பிடித்து, ஒரு ஊரில் தொடங்கிப் பல ஊருக்குப் பரவிய ஒரு முயற்சியை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். சிகாகோவில் தொடங்கிய டாக்குமென்டர்ஸ். இவர்கள் பதிவு செய்வது கச்சேரியும் திருவிழாவும் இல்லை. நகரசபைக் குழுக்கள், பள்ளி வாரியம், காவல்துறை வாரியம் மாதிரியான பொதுக் கூட்டங்கள். உலகத்திலேயே சலிப்பான நிகழ்ச்சிகள் என்று தயங்காமல் சொல்லலாம். அதையே நாலு பேர் படிக்கும்படி எழுத முடிந்தால் மற்ற எதையும் எழுதிவிடலாம் என்பது என் கணக்கு.

அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை. லைவ் பிளாக் என்பது ஏதோ பத்திரிகைகள் கண்டுபிடித்தது என்ற எண்ணம் உண்டு. கார்டியன் பத்திரிகை கால்பந்து ஆட்டங்களை நிமிடத்துக்கு நிமிடம் எழுதிப் புகழ் பெற்றது உண்மைதான், பிறகு அதே வடிவத்தை அரசியலுக்கும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் நம் ஆட்களுக்கு இன்னும் நெருக்கமான முன்னோடி, கிரிக்கெட் ஸ்கோர் தளமான கிரிக்இன்ஃபோ. 1993இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த சைமன் கிங் என்ற ஆங்கிலேயர் தொடங்கியது. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த தெற்காசிய மாணவர்களுக்கு ஸ்கோர் தெரிய வேறு வழியே இல்லாத காலம். ஐஆர்சி அரட்டை அறையில் யாராவது ஒருவர் ஆட்டத்தைப் பார்த்தபடியோ கேட்டபடியோ பந்துக்குப் பந்து தட்டச்சு செய்வார், மற்றவர்கள் அதை வாசிப்பார்கள். அதை வளர்த்தெடுத்தவர்களில் ஒருவர், பின்னாளில் கிழக்கு பதிப்பகத்தைத் தொடங்கிய பத்ரி சேஷாத்ரி. அங்கே கூலி கிடையாது, பெயர் கிடையாது, ஆட்டத்தைப் பார்க்க முடியாத இன்னொருவன் எங்கேயோ உட்கார்ந்து காத்திருக்கிறான் என்ற நினைப்பு மட்டும்தான்.

கருத்தரங்குகளை இப்படி எழுதுவதில் பேர் போனவர் ஈதன் சக்கர்மேன். 2004இல் ரெபெக்கா மெக்கின்னனோடு சேர்ந்து, பல நாட்டு வலைப்பதிவர்களின் எழுத்தைத் தொகுக்கும் குளோபல் வாய்சஸ் தளத்தைத் தொடங்கியவர். ஒரு பேச்சு முடிந்து அடுத்த பேச்சாளர் மேடை ஏறி மைக்கைச் சரிசெய்வதற்குள் முந்தைய பேச்சின் நீளமான சுருக்கம் அவருடைய வலைப்பதிவில் வந்திருக்கும். 2007இல் புரூனோ ஜுசானியும் அவரும் சேர்ந்து கருத்தரங்கை வலைப்பதிவு செய்கிறவர்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதினார்கள். வேகமாகத் தட்டச்சு செய்வது பெரிய விஷயமே இல்லை, முன்கூட்டியே தயார் செய்துகொண்டு போவதுதான் விஷயம் என்பது அதைப் படித்தால் புரியும். பேச்சாளர் யார், முன்பு என்ன எழுதியிருக்கிறார், பெயரை எப்படி எழுதுவது, இதெல்லாம் முதல் நாள் ராத்திரியே முடிந்திருக்க வேண்டிய வேலை. கூடவே ப்ளக் பாயின்ட் பக்கத்தில் இடம் பிடிப்பது. இதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பாதிக் கூட்டத்தில் நின்றுபோகும் லைவ் பதிவுகளுக்குப் பெரும்பாலும் காரணம் சார்ஜ்தான்.

சரி, சிகாகோ.

2015இல் பெட்டினா சாங், டாரில் ஹாலிடே, ஆண்ட்ரியா ஹார்ட், ஹாரி பேக்லண்ட் என்ற நான்கு பேர் சிட்டி பீரோ என்று ஒரு லாபநோக்கற்ற செய்தி அமைப்பைத் தொடங்கினார்கள். இடம் சிகாகோவின் தெற்குப் பகுதி, உட்லான் வட்டாரம். கறுப்பின மக்கள் அதிகம் வாழும் அந்தப் பகுதியைப் பற்றிப் பெரிய ஊடகங்களில் வருவது பெரும்பாலும் துப்பாக்கிச் சூடு, கொலை, கைது மட்டும்தான். அங்கே ஒரு பூங்காவைப் பற்றியோ பள்ளிக்கூடத்தைப் பற்றியோ எடுக்கப்படும் முடிவு செய்தியாகவே வராது. இன்னொரு பக்கம் பத்திரிகை அலுவலகங்களில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது, குழுக் கூட்டங்களில் போய் மூன்று மணி நேரம் உட்கார நிருபர் யாரும் இல்லை. அப்படியானால் அந்த வட்டாரத்து மக்களுக்கே பயிற்சி கொடுத்து, கூலியும் கொடுத்து, கூட்டங்களுக்கு அனுப்பினால் என்ன என்று யோசித்தார்கள். பிறந்தது டாக்குமென்டர்ஸ்.

இது நடக்கச் சட்டமும் ஒரு காரணம். இல்லினாய் மாநிலத்தில் திறந்த கூட்டங்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 48 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும், வருகிற யாரும் கூட்டத்தை ஒலியாகவோ படமாகவோ பதிவு செய்துகொள்ளலாம். அதிகாரப்பூர்வமான கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எப்போது வரும்? அடுத்த கூட்டத்தில் அதற்கு ஒப்புதல் வாங்கிய பிறகு, அதாவது பல வாரம் கழித்து. அது வருவதற்குள் முடிவு அமலுக்கே வந்திருக்கும். இடையில் இருக்கிற இந்தச் சில வாரம்தான் டாக்குமென்டர்ஸின் இடம்.

முதல் சிக்கல் எழுதுவதில் இல்லை, எந்தக் கூட்டம் எங்கே எப்போது என்று தெரிவதிலேயே இருந்தது. சட்டப்படி அறிவிப்பு எங்கோ ஒரு மூலையில் இருக்கும், ஒரு துறை தன் தளத்தில் போடும், இன்னொன்று பிடிஎஃப் கோப்பாகப் போடும், வேறொன்று அலுவலகச் சுவரில் ஒட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும். சிட்டி பீரோ ஆட்கள் சிட்டி ஸ்க்ரேப்பர்ஸ் என்று ஒரு திறந்த மூல நிரலை, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய மென்பொருளை, உருவாக்கினார்கள். பல்வேறு அரசுத் தளங்களையும் அது தானாகவே போய்ப் பார்த்து, கூட்டத் தேதிகளைப் பொறுக்கி, ஒரே நாட்காட்டியில் சேர்த்துவிடும். தன்னார்வ நிரலாளர்கள் பலர் இதில் வேலை செய்தார்கள். எனக்கு இந்த முழுத் திட்டத்திலும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் லைவ் பிளாக் பற்றிப் பேசுகிற யாரும் இதைப் பேசுவதில்லை. நிகழ்ச்சியை விளம்பரப்படுத்துவது என்றால் நிகழ்ச்சி நடக்கும்போது கத்துவது என்று நினைக்கிறோம். ஒரு வட்டாரத்தில் நடக்கப்போகும் எல்லாக் கூட்டங்களும் ஒரே பக்கத்தில் தேதி வாரியாகக் கிடைக்கும் என்றால், பாதி விளம்பரம் அங்கேயே முடிந்துவிட்டது.

அந்த நாட்காட்டியிலிருந்து வேலைகள் பிரித்துத் தரப்படும். பயிற்சி முடித்தவர்கள் தங்களுக்குத் தோதான கூட்டத்தைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். வேலை இரண்டு மூன்று வகை: ஒன்று, விவரமான குறிப்பு எழுதித் தருவது. இரண்டு, கூட்டம் நடக்கும்போதே சமூக ஊடகத்தில், தொடக்கத்தில் ட்விட்டரில் (இப்போதைய எக்ஸ்), தொடராக எழுதுவது. சில சமயம் ஒலிப்பதிவோ வீடியோவோ எடுப்பது. லைவாக எழுதுகிறவர் முதல் ட்வீட்டிலேயே இது எந்தக் கூட்டம், எங்கே, தான் யாருக்காக எழுதுகிறேன் என்பதைச் சொல்லிவிடுவார், டாக்குமென்டர்ஸ் கணக்கையும் குறிப்பிடுவார். பிறகு எல்லாமே அதன் கீழ் ஒரே த்ரெட். நடுவில் நுழைகிறவர் மேலே ஸ்க்ரோல் செய்தால் ஆரம்பம் கிடைக்கும். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் நம் ஊரில் நிகழ்ச்சிகளை லைவாகப் போடுகிறவர்களைப் பாருங்கள், தனித்தனியாக இருபது பதிவு, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பு இல்லை, "செம பேச்சு!" என்று ஒன்று வரும், யார் பேச்சு என்று இருக்காது.

என்ன எழுதுவது என்பதில் அவர்கள் பயிற்சி கறாரானது. நடந்ததை எழுது, நீ நினைப்பதை எழுதாதே. யார் சொன்னது என்று சேர்த்து எழுது. கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் வரவில்லை என்றே எழுது. இந்தக் கடைசி விஷயம்தான் சுவையானது. எடுத்துக்காட்டுக்காக நானே கற்பனையில் ஒன்று எழுதுகிறேன். "5.40: நடைபாதைக் கடைகள் பற்றி விவாதம் நடந்தது" என்று எழுதினால் அது வீண். "5.40: பேருந்து நிலையம் எதிரே உள்ள கடைகளை அகற்றும் தீர்மானம் வாசிக்கப்பட்டது. மாற்று இடம் எங்கே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்றார் ஆணையர். இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்" என்று எழுதினால், அங்கே கடை வைத்திருக்கிறவர் அதை வாசித்த பத்தாவது நிமிடம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார். எழுதியவர் ஒரு கருத்தும் சொல்லவில்லை, ஒரு ஆச்சரியக்குறி கூடப் போடவில்லை.

கூட்டம் முடிந்த பிறகும் வேலை இருக்கிறது. குறிப்பு எழுதித் தருகிறவர்களுக்கு ஒரு படிவம் உண்டு: மேலே சுருக்கம், அப்புறம் தொடர்ந்து கேட்கவேண்டிய கேள்விகள், அதன் கீழ் விரிவான குறிப்பு. அந்தக் கேள்விகள் பகுதி வெறும் அலங்காரம் இல்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்து கவனித்த, ஆனால் அந்தத் துறையில் ஊறிப்போகாத ஒருவருக்குத் தோன்றும் கேள்விகள் அவை, அதனால்தான் அவை முக்கியம். பழகிய நிருபர் "இது எப்போதும் இப்படித்தான்" என்று தாண்டிப் போகிற இடத்தில் புதிதாக வந்தவர் "இது ஏன் இப்படி?" என்று எழுதிவைப்பார். குறிப்பை ஒரு ஆசிரியர் சரிபார்ப்பார், பெயர்களும் எண்களும் திருத்தப்படும், பிறகு அந்தக் கூட்டத்துக்கான பக்கத்தில் ஏறும். தவறு இருந்தால் எழுதுங்கள் என்று முகவரியும் கொடுத்திருப்பார்கள். அங்கிருந்து வாரக் கடிதத்துக்கும் போகும், மற்ற நிருபர்களும் அதைப் பார்த்துச் செய்தி பிடிப்பார்கள்.

கூலி விஷயத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். தன்னார்வலர்களை வைத்துச் செய்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததே: ஓய்வுபெற்றவர்கள், நேரம் உள்ளவர்கள், ஏற்கெனவே ஏதாவது ஒரு கட்சியிலோ சங்கத்திலோ இருப்பவர்கள் வருவார்கள். கூலி கொடுத்தால் கல்லூரி மாணவர் வருவார், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டு வரவேண்டிய தாய் வருவார், இரண்டு வேலை பார்க்கிறவர் மூன்றாவதாக இதையும் எடுத்துக்கொள்வார். இன்னொன்று, கூலி வாங்கியவரிடம் "நாளைக்குள் குறிப்பு வேண்டும்" என்று கேட்கலாம். தன்னார்வலரிடம் கேட்க முடியாது, கேட்டால் கோபித்துக்கொண்டு போய்விடுவார், அவரைச் சொல்லிக் குற்றமும் இல்லை. இதற்கான பணம் அறக்கட்டளைகளிடமிருந்து வருகிறது, மெக்கார்தர் அறக்கட்டளை போன்றவை. அந்தப் பணம் நின்றால் என்ன ஆகும் என்பது இந்தத் திட்டத்தின் மேல் எப்போதும் தொங்கும் கேள்வி. விளம்பரத்தில் நடத்தக்கூடிய தொழில் இல்லை இது, வடிகால் வாரியக் கூட்டத்தின் த்ரெட்டுக்குப் பக்கத்தில் யார் விளம்பரம் கொடுப்பார்கள்?

சிகாகோவுக்குப் பிறகு டெட்ராய்ட், கிளீவ்லாந்து, ஃபிலடெல்ஃபியா, மின்னியாபொலிஸ் என்று பத்துக்கும் மேற்பட்ட நகரங்களில் உள்ளூர் அமைப்புகள் இதே முறையை எடுத்துக்கொண்டன. இதில் கிளீவ்லாந்து கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அங்கே 2020இல் தொடங்கினார்கள், கொரோனா வருடம், கூட்டங்கள் வீடியோ அழைப்பில் நடந்த காலம். கிளீவ்லாந்து நகரசபைக் கூட்டங்களில் ஒரு விசித்திரம் இருந்தது. பொதுமக்கள் வந்து உட்காரலாம், பேச முடியாது. பக்கத்து ஊர்களில் எல்லாம் மக்கள் எழுந்து இரண்டு மூன்று நிமிடம் பேசும் வழக்கம் இருக்க, இங்கே பல பத்தாண்டுகளாக அது கிடையாது. அரசியல்வாதிகளுக்கும் நிருபர்களுக்கும் இது பழகிப்போன விஷயம். குறிப்பெடுக்கப் போன புதியவர்களுக்குத்தான் இது உறுத்தியது: மக்கள் எப்போது பேசுவார்கள்? இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்ததால் அதன் வரலாற்றைத் தோண்டி எழுதினார்கள். இதே சமயத்தில் குடிமக்கள் குழு ஒன்று பொதுமக்கள் பேசும் உரிமைக்காக விதிமுறையையே எழுதிக்கொடுத்துப் போராடியது. 2021 இலையுதிர்காலத்தில் நகரசபை ஒத்துக்கொண்டது. ஒரு கூட்டத்தில் பத்து பேர், ஆளுக்கு மூன்று நிமிடம்.

இதை டாக்குமென்டர்ஸ் சாதித்தது என்று எழுதினால் மிகையாகிவிடும். தெருவில் இறங்கி, உறுப்பினர்களைப் பார்த்து, விதிமுறையை எழுதியவர்கள் வேறு ஆட்கள். ஆனால் நடப்பதை அன்றாடம் எழுதிவைக்கும் ஆட்கள் இல்லாமல் இருந்திருந்தால் "பக்கத்து ஊரில் உண்டு, நம் ஊரில் இல்லை" என்ற எளிய உண்மை ஒரு பேச்சாகவே மாறியிருக்குமா என்பது சந்தேகம். 2023இல் ஒரு பேச்சாளரின் மைக்கை அணைத்தது பெரிய சர்ச்சையாகி நீதிமன்றம் வரை போனதும் இதே ஊரில்தான். பேச இடம் கொடுத்த இரண்டே வருடத்தில் அந்த இடத்துக்காக மக்கள் சண்டை போடத் தயாராகிவிட்டார்கள்.

இனி கசப்பான பகுதி. முதலில், இந்தத் த்ரெட்களை அந்த நேரத்தில் படிப்பவர்கள் அதிகம் இல்லை. ஒரு குழுக் கூட்டத்தின் த்ரெட்டுக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய விருப்பங்கள் இருப்பது சாதாரணம். லைக் கணக்கை வைத்து அளந்தால் இது தோல்வி. ஆனால் யார் படித்தார்கள் என்று பார்த்தால் வேறு கதை. அந்தத் துறையின் அதிகாரி படிப்பார், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் படிப்பார், ஒரு நிருபர் படிப்பார், அந்தத் தெருவில் குடியிருக்கும் ஒருவர் ஆறு மாதம் கழித்துத் தேடி வந்து படிப்பார். தன் பேச்சை யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தாலே மேடையில் இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார், அதை எந்த எண்ணிக்கையிலும் பிடிக்க முடியாது.

இரண்டாவது, வேகமாக எழுதும்போது எண் தவறும். மில்லியன் பில்லியன் ஆகும், "பரிந்துரை" என்றது "ஒப்புதல்" ஆகிவிடும். பத்திரிகையில் இப்படி நடந்தால் மறுநாள் திருத்தம் போடுவார்கள். த்ரெட்டில் தவறான ஒரு ட்வீட் மட்டும் தனியாகப் பிய்ந்து பறக்கும், திருத்தம் அதன் பின்னால் நொண்டிக்கொண்டு போகும். ஒரு பக்கம் வேகம், இன்னொரு பக்கம் ஆசிரியர் சரிபார்த்த குறிப்பு என்று இரண்டு தடத்தில் அவர்கள் ஓடுவது இதற்கு ஓரளவு மருந்து.

மூன்றாவது, பேசுகிறவர்களின் பாதுகாப்பு. அதிகாரி சொன்னதைப் பெயரோடு எழுதலாம், அது அவர் வேலை. எழுந்து நின்று தன் வாடகை வீட்டுப் பிரச்சினையைச் சொல்லி அழும் ஒரு பெண்ணின் பெயரை எழுதலாமா? பொதுக் கூட்டம், சட்டப்படி எழுதலாம். வீட்டுக்காரர் நாளை அதைப் படிப்பார் என்பதையும் யோசிக்க வேண்டும். இங்கே விதியைவிட எழுதுகிறவரின் நிதானம்தான் வேலை செய்யும். "மேற்குப் பகுதியில் வாடகைக்கு இருக்கும் ஒருவர்" என்று எழுதினால் விஷயம் ஒன்றும் குறைந்துவிடாது.

நான்காவது, எங்கே எழுதுகிறோம் என்பது. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ட்வீட்களைச் சேர்த்துக் கதையாகக் கோத்துக்கொடுத்த ஸ்டோரிஃபை 2018 மே மாதம் மூடப்பட்டது, அதில் தொகுத்துவைத்திருந்தவர்கள் அவசர அவசரமாக இறக்கிக்கொண்டார்கள், தாமதித்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நேரலை வீடியோவுக்கு வந்த பெரிஸ்கோப் 2021 மார்ச்சோடு முடிந்தது. 2023 நடுவில் ட்விட்டர், கணக்கு இல்லாதவர்கள் பார்ப்பதற்கே கதவை மூடியது, அதற்கு முன்பே வேறு மென்பொருள்கள் ட்வீட்களை எடுப்பதற்கான நிரல்வழி அணுகலுக்குப் பணம் கேட்க ஆரம்பித்திருந்தது. பொதுமக்களுக்காக எழுதிய த்ரெட்டைக் கணக்கு இல்லாத பொதுமக்கள் படிக்க முடியாது என்ற நிலை. கூட்டத்துக்கு ஒரு பக்கம் என்று சொந்தத் தளத்தில் வைத்திருந்ததால் டாக்குமென்டர்ஸ் பிழைத்தது. மற்றவனுடைய தளம் ஆள் கூப்பிட மட்டும், சரக்கு நம் வீட்டில் இருக்கட்டும்.

இவ்வளவு எதற்கு, ஃபேஸ்புக் லைவ் ஒன்றைப் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நிகழ்ச்சி நடத்தும் நண்பர்களிடம் நானே இந்த வாதத்தில் மாட்டியிருக்கிறேன். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று மணி நேர வீடியோவில் ஏரி பற்றிப் பேசிய நாலு நிமிடம் எங்கே இருக்கிறது என்று தேட யாருக்குப் பொறுமை? மைக் இரைச்சல், பக்கத்தில் யாரோ போனில் பேசுவது, காமிரா முன்னால் நிற்கும் ஒருவரின் முதுகு. எழுத்து என்றால் அலுவலகத்தில் மேசைக்கு அடியில் வைத்துப் படிக்கலாம், பேருந்தில் டேட்டா இழுக்காமல் படிக்கலாம், கூகுளில் தேடினால் கிடைக்கும். சிகாகோவிலும் பல கூட்டங்களுக்கு வீடியோ இருக்கிறது. அதற்குப் பிறகும் எழுதுகிற ஆளை அனுப்புகிறார்கள்.

உட்கார்ந்து எழுதவே விடாத ஊர்களும் இருந்தன. 2011இல் வேல்ஸின் கார்மார்தன்ஷயரில், உள்ளாட்சி மன்றக் கூட்டத்தைப் பார்வையாளர் பகுதியிலிருந்து மொபைலில் படம் எடுத்த ஒரு வலைப்பதிவரைப் போலீஸ் கைது செய்தது. பிரிட்டன் முழுக்க வலைப்பதிவர்கள் கொதித்தார்கள். இங்கிலாந்தில் 2014 ஆகஸ்ட் 6 முதல், உள்ளாட்சிக் கூட்டங்களைப் படம் எடுக்கவும் ட்வீட் செய்யவும் வலைப்பதிவு செய்யவும் பொதுமக்களுக்கு உரிமை உண்டு என்று விதி வந்தது.

நம் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. கிராம சபை வருடத்துக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச்சும் நவம்பரும் 2022இல் சேர்த்தது. சிகாகோக்காரர்கள் நிரல் எழுதித் தேடிப்பிடித்த தேதிகள் நமக்கு வருடம் தொடங்கும் முன்பே கையில் இருக்கின்றன. இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? ஆனாலும் அன்று சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வருவது கொடியேற்றிய படமும், மிஞ்சிப்போனால் தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன என்ற ஒரு வரியும்தான்.

ஊரில் இரண்டு பேர் போதும். ஒருவர் எழுத, இன்னொருவர் எண்ணையும் பெயரையும் சரிபார்க்க. முதல் நாள் செய்யவேண்டியது, கூட்டப் பொருளைப் பார்த்து வைத்துக்கொள்வது, போன கூட்டத் தீர்மானங்களில் என்ன ஆனது என்று குறித்துக்கொள்வது. மன்னிக்கவும், ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் நேரடியாக எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாலாவது பதிவுக்குள் யாராவது குட் ஈவ்னிங் படம் போட்டுவிடுவார், ஆறாவது பதிவில் கட்சிச் சண்டை ஆரம்பிக்கும். யாரும் கணக்கு இல்லாமல் படிக்கக்கூடிய ஒரு சாதாரண வலைப்பதிவுப் பக்கத்தில் நேரம் போட்டு எழுதிவிட்டு, குரூப்பில் இணைப்பை மட்டும் கொடுக்கலாம். தலைவர் வரவு செலவு வாசித்தால் தொகையை எழுதுங்கள், வாசிக்காவிட்டால் வாசிக்கவில்லை என்று எழுதுங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று சொன்ன பாட்டியின் பெயர் வேண்டாம், தெருப் பெயர் போதும். எதிர்ப்பு வரும், "யார் உன்னை எழுதச் சொன்னது" என்று கேட்பார்கள். தலைவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது, அனுமதிக்காக என்று இல்லாவிட்டாலும் மரியாதைக்காக. எழுதியதைத் திருத்தச் சொன்னால், உண்மையில் தவறு இருந்தால் திருத்தி, திருத்தினோம் என்பதையும் அங்கேயே குறித்துவிடுங்கள்.

அந்த முதல் பதிவு எதைப் பற்றி என்று கேட்டால், தலைகளை எண்ணச் சொல்வேன். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண், அதாவது கூட்டத்துக்குக் குறைந்தது வந்திருக்கவேண்டிய ஆட்கள், 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. "11.10: கூட்டம் தொடங்கியது, தேவை 200 பேர், இப்போது இருப்பது 64" என்று ஒரு வரி போட்டுவிட்டு, பதினொன்றரைக்கு மறுபடியும் எண்ணி எழுதுங்கள்.